பன்னிரண்டு வயதுக்கு ஒரு அட்டை: சென்னையில் கிடைக்கும் பாப் இசை இதழ்கள்

திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகளில் பழைய ஆங்கில இதழ்களை ஒன்றின் மேல் ஒன்று ஏறினாற்போல் சரித்து அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் மேலே நாலைந்து விரல் அகலம்தான் வெளியே தெரியும். கார் இதழ், சமையல் இதழ், வீட்டு அலங்கார இதழ் என்று போகிற வரிசையில் பாப் இசை இதழ் ஒன்று கிடந்தால், பெயரைப் படிக்காமலேயே தெரிந்துவிடும். அந்த ரோஸ் நிறத்தை வேறு யாரும் போட மாட்டார்கள்.

10 வயதிலிருந்து 14 வயது வரையுள்ள பிள்ளைகளை நினைத்து அச்சாகும் இதழ்கள் இவை. இசை இதழ் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்: பாட்டு எப்படி உருவானது, யார் என்ன வாசித்தார்கள் என்பதெல்லாம் உள்ளே அரைப் பக்கம் தேறினால் அதிகம். விற்பது பாடகரோடு ஒரு பழக்கம். கூடவே வெட்ட, ஒட்ட, பத்திரப்படுத்தச் சில பொருட்கள். அட்டையையும் அந்தக் கணக்கில்தான் எடை போட வேண்டும். அழகாக இருக்கிறதா என்பது அப்புறம். சொன்னதை உள்ளே கொடுக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

சென்னையில் இப்போது கைக்குக் கிடைப்பவை மூன்று ரகம். பிரிட்டனில் அச்சாகி, பழையதாக நடைபாதைக்கு வந்து சேரும் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' போன்ற இதழ்கள் ஒன்று. கொரியாவிலிருந்து ஆர்டர் போட்டு வரவழைக்கும், கே-பாப், அதாவது கொரிய பாப் இசைக் குழுக்களின் முகங்கள் அட்டையில் உள்ள இதழ்கள் இன்னொன்று. மூன்றாவது, நம் ஊர்ப் பக்கமே அச்சடித்து ஃபேன்சி ஸ்டோர்களில் தொங்கும் 'போஸ்டர் புக்'. 2008-ல் தொடங்கிய ரோலிங் ஸ்டோன் இந்தியா பெரியவர்களுக்கானது. அதைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

இந்த வயதுக்கென்று தமிழில் பாப் இசை இதழ் ஒன்றும் நிலைக்கவில்லை. அது செய்திருக்க வேண்டிய வேலையைப் பாட்டுப் புத்தகமும் வாரப் பத்திரிகையின் நடுப்பக்க ப்ளோ-அப்பும் பங்கு போட்டுக்கொண்டன. தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தின் சூத்திரம் எளிது: அட்டையில் நாயகன் நாயகி, உள்ளே முழுப் பாட்டும். 1978-ல் பிரிட்டனில் தொடங்கிய ஸ்மாஷ் ஹிட்ஸ் என்ற பாப் இதழ் பாடல் வரிகளை அச்சிட்டே ஒரு தலைமுறையைப் பிடித்தது. 2006-ல் நின்றுபோகும் வரை அதன் அடையாளங்களில் ஒன்று அது. அதே 1978-ல்தான் சென்னையிலிருந்து ஸ்போர்ட்ஸ்டார் என்ற விளையாட்டு இதழ் வர ஆரம்பித்தது. அதன் நடுப்பக்கப் படத்தைக் கழற்றிச் சுவரில் ஒட்டாத தெரு இந்த ஊரில் குறைவு. ஆக, போஸ்டருக்காக இதழ் வாங்கும் பழக்கம் நமக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல. பாடகர் இருக்க வேண்டிய இடத்தில் நடிகரும் கிரிக்கெட்காரரும் இருந்தார்கள், அவ்வளவுதான்.

போஸ்டர் ஆசையை உச்சத்துக்குக் கொண்டுபோனது ஜெர்மனியின் பிராவோ. 1956-ல் தொடங்கிய அந்த வார இதழ், 1959 முதல் நட்சத்திரங்களின் ஆளுயரப் படத்தைத் துண்டு துண்டாக வாரா வாரம் கொடுத்தது. முதலில் வந்தவர் பிரிஜித் பார்தோ. ஓர் இதழைத் தவறவிட்டால் முழங்கால் இருக்காது. அடுத்த வார விற்பனைக்கு இதைவிட உறுதியான வழி இன்றுவரை யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

சரி, ஒரு பிரிட்டிஷ் இதழைக் கையில் எடுப்போம். கிட்டத்தட்ட ஏ4 அளவு, நடுவில் இரண்டு பின். அட்டைக்கு வழவழப்பான ஆர்ட் பேப்பர், உள்ளே அதைவிட மெல்லிய தாள். இதழின் பெயர் மேலே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடுகிறது. பாடகரின் தலைமுடி அதில் இரண்டு எழுத்தை மறைக்கிறது. எழுத்து மறைந்தாலும் வாசகருக்கு இதழைத் தெரியும் என்ற தைரியம் அது. புதிதாகத் தொடங்கும் இதழ் இதைச் செய்யக் கூடாது.

முகம் நேராக நம்மைப் பார்க்கிறது. அட்டையின் உயரத்தை மூன்றாகப் பிரித்தால் மேலிருந்து முதல் கோட்டுக்குப் பக்கத்தில், அதாவது சுமார் 10 சென்டிமீட்டர் கீழே, கண்கள் வரும். பல் தெரியச் சிரிப்பு. ராக் இசை இதழ்களின் அட்டையில் ஆட்கள் முறைப்பார்கள், அல்லது எங்கோ வெறிப்பார்கள். 'நீ எனக்கு ஒரு பொருட்டே இல்லை' என்பது அங்கே கௌரவம். 12 வயதுக்கு அது செல்லாது. இந்த வயதில் பிள்ளை தேடுவது தன்னைக் கவனிக்கிற ஒருவரை. அதனால்தான் கண்ணாடி போட்ட முகம், பக்கவாட்டு முகம், தூரத்துப் படம் இவையெல்லாம் அட்டைக்கு வராது. வந்தால் உள்ளே சின்னதாக வரும்.

முகத்தைச் சுற்றி ஆறேழு குட்டி முகங்கள். ஒவ்வொன்றையும் கத்தரித்து வெள்ளை ஓரம் விட்டு, ஸ்டிக்கர் மாதிரி ஒட்டியிருப்பார்கள். அலங்காரம் என்று நினைக்க வேண்டாம், அது காப்பீடு. நடுவில் இருப்பவரைப் பிடிக்காத பிள்ளைக்கும் ஓரத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும். எல்லாரும் முதல் பெயரோடு மட்டும்: ஹாரி, டெய்லர், ஒலிவியா. குடும்பப் பெயர் போட்டால் செய்தியாகிவிடும். போடாவிட்டால் பக்கத்து வீட்டு ஆளாகிவிடுவார். பிறகு ஒரு கேள்வி, ஒரு பேச்சுக் குமிழி, ஒரு வினாடி வினா, 'வெல்லுங்கள்' என்று ஒரு வட்டம். வரிகள் ஐந்தாறு சொல்லைத் தாண்டாது.

குழுவாக வந்தால் கணக்கு மாறும். 1996-ல் ஸ்பைஸ் கேர்ல்ஸ் ஐந்து பேருக்கும் பட்டப்பெயர் சூட்டியது டாப் ஆஃப் த பாப்ஸ் இதழ்தான். இன்றும் அந்தப் பெயர்களில்தான் அவர்களை உலகம் அழைக்கிறது. இதழுக்கு அதில் கிடைத்த லாபம் என்னவென்று பார்த்தால் விஷயம் விளங்கும். ஐந்து பேரும் ஐந்து குணமாகிவிட்டால், வாசகி ஒவ்வொருத்தியும் 'என் ஆள்' என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். நம் ஊர் கே-பாப் பிள்ளைகள் 'என் பயஸ்' என்று சொல்வதும் அதுவே.

இங்கேதான் சென்னைக் கடையும் லண்டன் அட்டையும் முட்டிக்கொள்கின்றன. அங்கே அலமாரியில் இதழ்களைப் பக்கவாட்டில் ஒன்றையொன்று மறைத்து அடுக்குவார்கள் என்பதால், முக்கியமான வரிகளை இடது ஓரத்து மூன்றிலொரு பங்கில் திணிப்பது அவர்கள் வழக்கம். நம் நடைபாதையில் தெரிவதோ மேல் பட்டை மட்டும். இடப்பக்க வரி எல்லாம் வீண். 10 சென்டிமீட்டர் கீழே இருக்கும் அந்தக் கண்ணும் அடுத்த இதழுக்கு அடியில் போய்விடும். இங்கே ஓர் அட்டையைக் காப்பாற்றுவது இதழின் பெயருக்கும் மேலே ஓடும் மெல்லிய பட்டைதான். '15 போஸ்டர்', 'இலவசம்' என்று அதில் இருந்தால் கை போகும். பெட்டிக்கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும் தமிழ் வார இதழ்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. முழு அட்டையும் தெரியும் என்பதால், நம் அட்டை வடிவமைப்பாளர்கள் முகத்தை எங்கே வேண்டுமானாலும் வைக்கிறார்கள்.

அந்த ரோஸ் நிறத்துக்கு வருவோம். சாதாரண நாலு கலர் அச்சில், அதாவது சயான் என்ற வெளிர்நீலம், மெஜந்தா என்ற கருஞ்சிவப்பு ரோஸ், மஞ்சள், கறுப்பு சேரும் சி.எம்.ஒய்.கே.-யில், அது வராது. ஐந்தாவதாக ஒரு நியான் மை ஓட்டினால்தான் வரும். அச்சகத்தில் கேட்டால் பான்டோன் 806 என்ற எண்ணைச் சொல்வார்கள். ஒரு பிளேட் கூடுதல், ஒரு யூனிட் கூடுதல், செலவும் கூடுதல். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்கள் பாப் இதழ் அட்டை செய்து கொண்டுபோகும்போது பெரும்பாலும் இடிபடுவது இந்த இடத்தில். திரையில் ஆர்.ஜி.பி.-யில் கண்ணைப் பறித்த ரோஸ், ராயப்பேட்டையில் டிஜிட்டல் பிரிண்ட் எடுத்ததும் குங்குமப்பூப் போட்ட பால் நிறத்துக்கு இறங்கிவிடும். நூறு பிரதிக்கும் குறைவாக எடுக்கிறவர் நியான் மைக்கு ஆசைப்பட வேண்டாம். மெஜந்தாவை 100 சதவீதம் வைத்து, மஞ்சளை 5 சதவீதத்துக்குள் அடக்கி, சயானையும் கறுப்பையும் பூஜ்யமாக்குங்கள். சுற்றிலும் வெள்ளை நிறைய விடுங்கள். பக்கத்தில் வெள்ளை இருந்தால் அதே ரோஸ் பளிச்சென்று தெரியும். வெட்டும் ஓரத்துக்கு 3 மி.மீ. கூடுதல் விட மறந்தால் அட்டை ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். மெஜந்தா மேல் வெள்ளை எழுத்து 8 பாயின்ட் அளவுக்குக் கீழே போகக் கூடாது, அதுவும் தடித்த எழுத்தாக இருக்கட்டும்.

நியான் மைக்கு இன்னொரு குணம் உண்டு: வெயில் ஆகாது. சாதாரண மையைவிடச் சீக்கிரம் வெளுக்கும். நடைபாதையில் கிடந்த பிரதியின் முன் அட்டையில் பெயர் வெளுத்து, முகத்தில் ஒரு நீல வாட்டம் தெரிந்தால் அது வெயில் குடித்த பிரதி. மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் போகும். சயானும் கறுப்பும் மிஞ்சும். அட்டை வெளுத்ததற்காக ஒதுக்க வேண்டியதில்லை, உள்ளே போஸ்டர் நன்றாகவே இருக்கலாம். ஆனால் விலையைக் குறைத்துக் கேட்க அது நல்ல காரணம். மழையில் நனைந்து காய்ந்தது வேறு கதை. ஆர்ட் பேப்பர் ஈரம் பட்டால் பக்கம் பக்கமாக ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகம் எதிர்ப்பக்கத்தோடு போய்விடும். அடிப்பக்க மூலையை விரலால் விசிறிப் பாருங்கள். தனித்தனியாகப் பறந்தால் வாங்கலாம்; கட்டையாக நின்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

இலவசப் பொருளைப் பற்றிச் சொல்லாமல் இந்த அட்டைகளைப் பேச முடியாது. லிப் கிளாஸ், நெயில் பாலிஷ், பேனா, குட்டி நோட்டு, ஸ்டிக்கர் தாள். அட்டை இரண்டு பேருக்கு விற்க வேண்டியிருக்கிறது: பார்க்கிறவள் மகள், பணம் எடுக்கிறவர் அம்மா. பாடகர் முகம் மகளுக்கு. 'இத்தனை பொருள் இந்த விலைக்கு' என்ற கணக்கு அம்மாவுக்கு. அதனால்தான் விலை எப்போதும் பார்கோடு பக்கத்தில் எறும்பு அளவில் இருக்கும். 'இலவசம்' கத்திரிக்காய் அளவில் இருக்கும்.

சென்னை நடைபாதைக்கு வரும்போது அந்தப் பொருள் பெரும்பாலும் இருக்காது. அட்டை நடுவில் பசை பிய்ந்த சதுரம், சில நேரம் பாடகரின் ஒரு கன்னம் காணாமல். அட்டையில் சொன்னதில் பாதி மதிப்பு அங்கேயே போய்விட்டது என்பதை நினைவில் வைத்துப் பேரம் பேசுங்கள். உறை பிரிக்காமல் கிடைத்தால் மகிழ்ச்சிதான், ஆனால் உள்ளே இருக்கும் லிப் கிளாஸை உதட்டில் போட விட வேண்டாம். எத்தனை கோடையைப் பார்த்த பொருளோ. சூட்டில் எண்ணெய் பிரிந்து, மூடி வழியே கசிந்து, பின்னட்டையிலேயே தெரியும். பசைத் துண்டு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். ஜவ்வு மாதிரியான பசை என்றால் விரல் நுனியால் ஒரே திசையில் தேய்த்தால் உருண்டு வந்துவிடும். டேப் என்றால் ஹேர் டிரையரை ஒரு சாண் தூரத்தில் பிடித்து அரை நிமிடம் சூடு காட்டி, மூலையிலிருந்து மெதுவாகக் கிளப்புங்கள். அவசரப்பட்டால் மேல் பூச்சு வெள்ளையாக உரிந்து வரும்.

இப்போது போஸ்டர். அட்டை '16 போஸ்டர்' என்கிறது. எண்ணிப் பார்த்தால் 16-ம் இருக்கும், பொய் இல்லை. ஆனால் 8 தாளில், முன்னும் பின்னும். இந்தப் பக்கம் ஒருவரை ஒட்டினால் அந்தப் பக்கம் இருப்பவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இரண்டும் பிடித்த முகம் என்றால் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. ஆசிரியர் குழு நேர்மையானதா என்று இதில்தான் தெரியும். நல்ல இதழ் பெரிய நட்சத்திரத்தின் பின்னால் விளம்பரத்தையோ புதிர்ப் பக்கத்தையோ போடும். கெட்ட இதழ் இரண்டு பெரிய முகங்களை முதுகோடு முதுகு வைத்துவிட்டு எண்ணிக்கையை அட்டையில் கத்தும்.

நடுப்பக்கம் விரித்தால் ஏ3, 420 க்கு 297 மி.மீ. இதில் ஒரு நுட்பமான தப்பு அடிக்கடி நடக்கும். படுக்கைவசத்தில் குழுப் படம் போட்டால் மடிப்புக்கோடு சரியாக நடுவில் நிற்பவர் மூக்கு வழியே போகும். நாலு பேர் குழுவுக்குப் பிரச்சினை இல்லை, இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்துவிடும். ஐந்து பேர் இருந்த ஒன் டைரக்‌ஷனுக்கும் ஏழு பேர் பி.டி.எஸ்-க்கும் நடு ஆள் கட்டாயம் மாட்டிக்கொள்வார். தெரிந்த வடிவமைப்பாளர் முழுக் குழுவையும் இரண்டு விரல்கடை தள்ளி வைப்பார். வாங்கும் முன் நடுப்பக்கத்தைத் திறந்து இதைப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

போஸ்டரைக் கழற்றும்போது இழுத்துக் கிழிக்கிறார்கள். அதனால் பின் துளை நீண்டு மடிப்போடு பிளந்துவிடுகிறது. இதழை நடுவில் விரித்து மேசையில் வையுங்கள். முனை மழுங்கிய வெண்ணெய்க் கத்தியால் இரண்டு பின்னின் கால்களையும் நிமிர்த்துங்கள். தாளை நேராக மேலே தூக்குங்கள். எடுத்ததும் பின் கால்களை மறுபடி மடித்துவிடுங்கள், இல்லையென்றால் மிச்ச இதழ் உதிரும், விரலும் குத்துப்படும். சுவரில் ஒட்ட டபுள் சைடு டேப் வேண்டாம். டிஸ்டம்பரையும் சேர்த்து உரிக்கும். வாடகை வீட்டில் அட்வான்ஸில் கை வைக்க அது ஒன்று போதும்.

அட்டை வரிகளைச் சோதிக்க எளிய வழி: பரபரப்பான மூன்று வரியைத் தேர்ந்தெடுத்து உள்ளே தேடுங்கள். 'அவர் ஏன் அழுதார்?' என்று அட்டையில் இருக்கும். உள்ளே போனால் வெங்காயம் நறுக்கினாராம். இப்படி ஒன்று இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம், இந்த இதழ்களின் குறும்பே அதுதான். மூன்றும் அப்படி என்றால் அது ஏமாற்று. இன்னொன்றையும் கவனிக்கலாம்: அட்டை முகங்களில் ஒரு பரு, ஒரு துளை, ஒரு மயிர்க்கால் இருக்காது. பரு வர ஆரம்பிக்கும் வயதில்தான் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள். அட்டையையும் அதே பாடகரின் மேடைப் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டால் போதும். உபதேசம் தேவையில்லை, பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கே-பாப் இதழ்கள் இந்த விளையாட்டை வேறு தளத்துக்குக் கொண்டுபோய்விட்டன. ஏ4 அகலம் 21 சென்டிமீட்டர். ஏழு பேரை மூன்றும் நாலுமாக இரண்டு வரிசையில் நிறுத்தினால் ஒரு ஆளுக்கு 5 சென்டிமீட்டர்தான் கிடைக்கும். முகம் அதிலும் பாதி. கொரிய இதழ்கள் கண்ட தீர்வு, ஒரே இதழுக்குப் பல அட்டை போடுவது. உள்ளே ஒரே பக்கங்கள். வெளியே ஆளுக்கு ஓர் அட்டை. பயஸ் ஒருவர் மட்டும் என்றால் ஒரு பிரதி. மொத்தக் குழுவும் வேண்டும் என்றால் ஏழு. இவற்றில் பெரும்பாலானவை ஃபேஷன் இதழ்கள், எழுத்து முழுவதும் கொரிய மொழி. வாங்கும் பிள்ளைக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. குட்டி முகம், வெடிப்பு வட்டம், கேள்விக்குறி எதுவும் கிடையாது. தடித்த தாளில் ஒற்றை முகம், ஓரத்தில் இரண்டு வரி. வெள்ளை இடம் ஏராளம். பொருளாகப் பார்த்தால் பிரிட்டிஷ் இதழ் பக்கத்தில் நிற்க முடியாது. விலையும் அப்படியே: அனுப்பும் செலவு சேர்ந்தால் ஒரு பிரதி ஆயிரம் ரூபாயைச் சுலபமாகத் தாண்டும்.

பெரும்பாலும் ஜி.ஓ. வழியாகத்தான் வரும். குரூப் ஆர்டர். ஒருவர் இன்ஸ்டாகிராமில் அறிவித்துப் பத்திருபது பேரிடம் பணம் சேர்ப்பார். முதல் தவணை இதழின் விலை. கொரியாவிலிருந்து பார்சல் கிளம்பும்போது எடைக் கணக்கில் இரண்டாவது தவணை. சுங்கவரி விழுந்தால் அதைப் பங்கு பிரிப்பார்கள். கடைசியில் உள்ளூர் கூரியர். சேர்வதற்கு ஓரிரு மாதம் ஆகலாம். முதல் தவணையைப் பார்த்து 'இவ்வளவுதானே' என்று சரி சொன்ன பெற்றோர், மூன்றாவது தடவை யு.பி.ஐ. கேட்கும்போது குழம்புவது இதனால்தான். சேரும் முன் கேட்க வேண்டியவை சில. அட்டை நாம் கேட்டதுதானா, கைக்கு வந்தது எதுவோ அதுவா? போஸ்டர் மடித்து வருமா, குழாயில் வருமா? ஃபோட்டோகார்டு, அதாவது இதழோடு வரும் பாடகர் படம் போட்ட குட்டி அட்டை, முதல் பதிப்புக்கு மட்டுமா? மூலை நசுங்கினால் யார் பொறுப்பு? பார்சலைப் பிரிக்கும்போது வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் எந்த அமைப்பாளரும் புகாரை ஏற்க மாட்டார். அமைப்பாளர் முன்பு முடித்துக் கொடுத்த ஆர்டர்களுக்கு ஆதாரம் காட்டாவிட்டால் பணம் அனுப்பாதீர்கள்.

ஃபோட்டோகார்டில்தான் போலி அதிகம். அளவு ஏறக்குறைய 55 க்கு 85 மி.மீ. பாண்டி பஜார் பக்கம் கட்டுக்கட்டாக விற்பவை உள்ளூர் அச்சு. விளையாட்டுக்கு வாங்கினால் தப்பில்லை, அசல் விலை கொடுக்காதவரை. பூதக்கண்ணாடியில் பின்பக்கச் சிறு எழுத்தைப் பாருங்கள். அசலில் கறுப்பு எழுத்து ஒரே மையில் கூர்மையாக இருக்கும். ஸ்கேன் எடுத்து அடித்ததில் எழுத்தின் ஓரம் ரோஸ், நீலம், மஞ்சள் புள்ளிகளாக உடையும். நாலு மூலை வளைவும் ஒன்றுபோல் இல்லையென்றால் அதுவும் ஓர் அடையாளம்.

உள்ளூர் போஸ்டர் புக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வலையில் கிடைத்த படத்தை இழுத்துப் பெரிதாக்கியிருப்பார்கள். 1080 பிக்சல் அகலப் படம் 300 டி.பி.ஐ.-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடித்தால், 9 சென்டிமீட்டருக்குத்தான் தாங்கும். அதை ஏ3 ஆக்கினால் கண் இருக்க வேண்டிய இடத்தில் மேகம் இருக்கும். யாருடைய பெயருக்கு மேல் யாருடைய முகம் என்ற குழப்பமும் உண்டு. ஏழு பெயரையும் தூக்கத்தில் சொல்லும் பிள்ளையிடம் இதைக் கொடுத்துவிட்டு நன்றியை எதிர்பார்க்காதீர்கள். ஸ்டிக்கர் தாள் மட்டும் பரவாயில்லை. சிறிய அளவில் படம் தாங்கிவிடுகிறது.

ரோலிங் ஸ்டோன் இந்தியாவின் அட்டை இந்தக் கூட்டத்தில் சேராது. ஒற்றைப் படம், சிரிக்காத முகம், அளவான எழுத்து. 12 வயதுக் கை அதைத் தாண்டிப் போய்விடும், 17 வயதில் திரும்பி வரும். ஆனால் ஓர் அட்டையில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தமிழ்ப் பிள்ளைகள் பார்த்தது அந்த இதழில்தான். 2021 ஆகஸ்ட் அட்டையில் பாடகி தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அந்த ஆண்டு ஊரெல்லாம் ஒலித்த 'எஞ்சாய் எஞ்சாமி'யை எழுதி, தீயோடு சேர்ந்து பாடிய ராப் பாடகர் அறிவு அந்த அட்டையில் இல்லை. அறிவு எங்கே என்று இயக்குநர் பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். சமூக ஊடகம் கொதித்தது. பிறகு அறிவை வைத்து டிஜிட்டல் அட்டை ஒன்று வந்தது. ஓரத்தில் ஒரு குட்டி முகம் ஏன் முக்கியம் என்று மேலே சொன்னதை இதோடு சேர்த்துப் படிக்கலாம். பாப் இதழின் நெரிசலான அட்டையைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அந்த நெரிசலில் ஆள் விட்டுப்போவது அரிது.

வாங்குவதைப் பற்றி. வெட்டி ஒட்டும் பிள்ளைக்குப் பிரிட்டிஷ் பழைய இதழ்தான் சரி. கேட்ட விலையில் பாதியிலிருந்து பேச ஆரம்பிக்கலாம். பாடகர்கள் சில ஆண்டு பழையவர்களாக இருப்பார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சேர்த்து வைக்கும் பிள்ளைக்குக் கொரிய இதழ் ஒன்று, அதுவும் அந்தப் பிள்ளையிடம் எந்த அட்டை என்று கேட்டுவிட்டு. இந்த விஷயத்தில் திடீர்ப் பரிசு ஆபத்து. தப்பான ஆளின் முகத்தோடு வந்து நின்றால் அன்றைக்கு வீட்டில் யாரும் கேக் வெட்ட முடியாது. உறை பிரிக்காமல் வைப்பதானால் பீரோவில் செங்குத்தாக நிறுத்த வேண்டாம், அட்டை வளைந்துவிடும். படுக்க வைத்து மேலே கனமான புத்தகம் ஒன்றை வையுங்கள். சிலிக்கா ஜெல் பாக்கெட் இரண்டு போட்டு ஐப்பசிக்கு முன் மாற்றுங்கள்.

பழைய இதழ் வாங்கும்போது அதே மாத இதழ் இரண்டு பிரதி கிடைத்தால் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் 16 போஸ்டரும் நிஜமாகவே 16.